நண்பர் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் ஒரு நாவல்

பழைய தாள்களைச் சுத்தம் செய்து, படமெடுத்து, பாதுகாத்துக் கொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு ஓய்வே இருக்காது. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கையெழுத்துப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர்? அரிசியையும் பிள்ளைகளையும்தான் தூக்க முடிந்தது. அதனால் ஒரு நாவலாசிரியரின் முதல் வரைவைத் தேடி அவர் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம். அவருடைய நண்பர் வீட்டுக்குப் போகவேண்டும்; நண்பருக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்த வரைவு இருக்கும். அனுப்பிய கடிதத்தை எழுதினவர் வைத்திருப்பதில்லை, பெற்றவர்தான் வைத்திருப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா ஒரு ட்ரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொழும்பில் வேலை பார்த்த அவருடைய கணவருக்கு, இங்கிருந்த எழுத்தாளர் ஒருவர் எழுதிய கடிதங்கள். இருவரும் இப்போது இல்லை. பெரும்பாலானவை கொப்பித் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியவை. அவற்றில் ஒன்றில், குடாநாட்டுக்கான ஆனையிறவுத் தரைப்பாதை மூடிக் கிடந்த காலத்தில் இரவில் கிளாலிக் கடலைக் கடந்த கதை வருகிறது. வள்ளத்தில் ஒரு பெண் மடியில் தையல் மெசினோடு இருக்கிறாள். மெசின் பத்திரமாகக் கரை சேருகிறது. இன்னொரு கடிதத்தில் அதே இரவு, அதே பெண். ஆனால் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏற, அவளே மெசினைக் கடலில் தள்ளிவிடுகிறாள். பின்னர் வந்த நாவலில் இருப்பது இந்த இரண்டாவதுதான். வசனம்கூட அதிகம் மாறவில்லை.

எது முதலில் எழுதியது? நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு அதைக் கதையாக்கினாரா? அல்லது அந்தப் பெண்ணை நண்பருக்குத் தெரியும் என்பதால், அவர் மனம் நோகாமல் இருக்க மெசினைக் கரை சேர்த்துவிட்டாரா? இரண்டு தாளிலும் ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் இருக்கிறது. திகதி இல்லை. பயணம் போகிறவர்கள் கையில் கொடுத்து வவுனியாவில் தபாலில் போட்ட கடிதங்கள் என்பதால் உறையில் முத்திரைமேல் திகதிக் குத்து இருந்திருக்கும். முத்திரை சேர்க்கும் பேரனுக்காக உறைகளை வெட்டியிருந்தார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படிப்பட்ட கடிதங்களை நான் வரைவு என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நண்பருக்கு எழுதும்போது எழுத்தாளர் எதையும் விளக்குவதில்லை. ‘உனக்குத் தெரியும்தானே, அந்தச் சந்தியிலை நிக்கிற பூவரசு’ என்று போய்விடுகிறார். நாவலில் அதே பூவரசுக்கு ஒரு பந்தி. என்னைக் கேட்டால், உயிர் கடிதத்தில்தான் கூட இருக்கிறது. தமிழ்நாட்டில் கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்களை அவருடைய இடைசெவல் ஊர்க்காரரான கி. ராஜநாராயணன் பேணி வைத்ததால்தான் அவை பின்னர் நூலாக வந்தன. இடைசெவல்காரர் செய்ததை நாங்களும் செய்யலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால், உறையை எறியாதீர்கள், முத்திரையை வெட்டாதீர்கள். கட்டின் ஒழுங்கைக் குலைக்காதீர்கள். அடுக்கியவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். லெமினேட் செய்வது அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாள் சேதமாகாமல் பிரிக்க முடியாது. துருப்பிடித்த ஊசிகளை மெல்ல எடுத்துவிடுங்கள். பெட்டியை நிலத்தில் வைத்தால் கறையான் வரும், பலகை போட்டு உயர்த்துங்கள். ஊற்றுப் பேனை மை என்றால் ஈரக்கையால் தொடவே கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படமெடுத்தால் போதும், பின்பக்கத்தையும் உறையையும் சேர்த்து.

‘இதிலை வீட்டு விஷயமெல்லாம் இருக்கு, எரிச்சுவிடட்டோ?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனாலும் எரிக்காதீர்கள். இத்தனை வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று எழுதி, மூடி வைக்கலாம். அச்சிடுவது வேறு கதை: தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவருடைய ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் உண்டு. குடும்பத்திடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்தப் பேரன் இப்போது கனடாவில். போன மாதம் தன் பழைய முத்திரைக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பினார். சில முத்திரைகள் உறைத்துண்டோடு அப்படியே இருக்கின்றன. ஒன்றில் வவுனியாக் குத்து பாதி தெரிகிறது. மாதம் இருக்கிறது, ஆண்டு இல்லை. வெட்டிய ஓரங்களை இங்குள்ள உறைகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.