இன்னும் கல்லாகிக்கொண்டிருக்கும் சுவர்

அண்மையில் யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டு நடுச்சுவரில் புதிதாக ஒரு கதவு வைக்க வேண்டி வந்தது. சுவர் ஒன்றரை அடி தடிப்பு. மேசன் உடைக்க உடைக்க விழுந்த சாந்துக் கட்டிகளில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று சுவரின் மேற்பூச்சு, மற்றது சுவரின் நடுவிலிருந்து வந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் பயன்படுத்தும் பினோத்தலீன் கரைசலில் இரண்டிலும் ஒவ்வொரு துளி விட்டேன். மேற்பூச்சில் எந்த நிறமும் வரவில்லை. நடுத்துண்டோ போகன்வில்லாப் பூவின் நிறத்துக்கு மாறிவிட்டது.

காணி உறுதியில் உள்ளபடி இந்த வீட்டுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். அந்தத் துளி சொன்ன செய்தி வேறு: சுவரின் வெளிப்பக்கம் எப்போதோ கல்லாகிவிட்டது, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு இன்னும் கல்லாகி முடியவில்லை.

எது பழைய வீடு என்பதில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒரு முடிவில்லை. எங்கள் ஒழுங்கையில், 1995 இடப்பெயர்வுக்கு முன் கட்டியதெல்லாம் பழைய வீடுதான். கனடாவிலிருந்து வந்த மச்சாள், முற்றத்தையும் தூண்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நூதனசாலை போல இருக்கிறது என்றாள். இலண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கோ இது சாதாரண வீடு. விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டிய வரிசை வீடொன்றில்தான் அவர் குடியிருக்கிறார்; அந்தத் தெரு முழுவதும் அப்படித்தானாம். நாட்டின் தொல்பொருள் சட்டம் இன்னொரு கோடு போடுகிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத்தான் அது புராதனச் சின்னம் என்று எண்ணும். அந்தக் கணக்கில் எங்கள் வீடு நேற்றுப் பிறந்தது. கந்தரோடையில் பழங்காலத்தில் முருகைக்கல்லால் எழுப்பிய சிறு தூபிகளுக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் வயது பேச வாய் வராது.

சரி, சுவரிடமே கேட்போம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. மயோசீன் காலத்தில், அதாவது 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழம் குறைந்த கடலில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியது அந்தக் கல். வேதியியலில் அது கல்சியம் காபனேற்று. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் அதைச் சுட்டால், கல்லுக்குள் கட்டுண்டிருந்த காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ காற்றோடு போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீரை ஊற்றினால் கொதித்துச் சீறி, நீறி, வெண்ணெய் போலக் குழைந்துவிடும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. இதை மணலோடு குழைத்தால் சாந்து.

சுவரில் ஏறிய பிறகு நடப்பதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. சாந்து ஈரம் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். காய்வது தொடக்கம் மட்டுமே. உலையில் இழந்த காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுத்து முடித்ததும் மறுபடியும் கல்சியம் காபனேற்று, மறுபடியும் சுண்ணக்கல். தோண்டி எடுத்த கல்லைச் சுட்டுக் குழைத்து, நமக்கு வேண்டிய வடிவில் திரும்பவும் கல்லாக்கிவிடுகிறோம்.

ஆனால் இந்த வாயு நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மேலே ஒரு படை கல்லானதும், அடுத்த படைக்குப் போகும் வழி நீளுகிறது. இருமடங்கு ஆழம் போக ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் எடுக்கும். அதனால் மேற்பூச்சு சில மாதங்களில் பெரும்பாலும் கல்லாகிவிட, தடித்த சுவரின் நடுப்பகுதி பல தலைமுறைக்கும் சுண்ணாம்பாகவே இருக்கலாம். பினோத்தலீன் காரத்தைக் கண்டால் நிறம் காட்டும். சுண்ணாம்பு காரம், சுண்ணக்கல் அப்படியல்ல. போகன்வில்லா நிறத்தின் விளக்கம் இவ்வளவுதான்.

மிஞ்சியிருக்கும் அந்தச் சுண்ணாம்பால் ஒரு நன்மையும் உண்டு. மயிர்போன்ற வெடிப்பு விழுந்தால், கசியும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய் வெடிப்புக்குள் படியவிடும். அங்கே காற்றுப் பட்டு அது கல்லாகி, வெடிப்பை மூடிவிடும்.

சாந்து இறுகும்போது காற்றிலிருந்து எடுக்கும் காபனில், கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14உம் சிறிதளவு இருக்கும். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது அதில் பாதி அழிய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். பழைய கல்லில் இருந்த காபன்-14 எப்போதோ அழிந்துபோயிற்று. காளவாயில் சுட்டபோது கடிகாரம் துடைக்கப்பட்டு, சுவர் இறுகும்போது புதிதாக ஓடத் தொடங்குகிறது. அதை அளந்து பழங்காலக் கட்டடங்களின் வயதைக் கணிக்கிறார்கள். சரியாக வேகாத கல்துண்டு கலந்திருந்தால் கணக்குப் பிழைக்கும்; அண்மைய சில நூற்றாண்டுகளைப் பிரித்தறிவதும் கடினம். எங்கள் வீட்டுக்கு உறுதிதான் சாட்சி. கூரையில் உள்ள பனைமரங்களும் உதவாது. பனை ஆண்டுக்கொரு வளையமாகப் பருப்பதில்லை, எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வைரமெல்லாம் வெளிப்புற நாரில்; நடு வெறும் சோறு.

இவ்வளவையும் நான் சொல்ல வந்ததற்குக் காரணம் மேசன் அன்று சொன்ன ஒரு வார்த்தை: “அடிச்சுவர் பொரிஞ்சு கிடக்கு. சீமெந்தால பூசிவிட்டா பத்து வருசத்துக்குப் பயமில்லை ஐயா.”

சீமெந்தும் சுண்ணக்கல்லிலிருந்து வருவதுதான். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை இதே குடாநாட்டுக் கல்லைத்தான் அரைத்தது. ஆனால் சீமெந்துக்குக் கல்லைக் களிமண்ணோடு ஏறத்தாழ 1450 பாகையில் சுடுகிறார்கள். அது காற்றை நம்பாமல் நீரோடு சேர்ந்து இறுகும். இறுகியபின் மிக நெருக்கமானது. சீமெந்துக் கல்லால் கட்டிய புதிய வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது நல்லது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் பூசினால் அதுவே கேடு.

எங்கள் பழைய வீடுகளின் அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் சுவர் நிலத்து நீரை இழுக்கும். மூன்று பக்கமும் கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் அந்த நீரோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் துளைகள் அதிகம், நீர் அதன் வழியே ஆவியாகிவிடும். உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும், தூரிகையால் தட்டிவிடலாம். சீமெந்து பூசிவிட்டால் நீருக்கு வழியில்லை. இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்குகிறது. காற்றின் ஈரப்பதன் (சாரீரப்பதன்) 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே கசியும். மாரியில் குசினி உப்புச் சாடியைப் பார்த்தாலே தெரியும். சோளகம் அடிக்கும் வறண்ட மாதங்களில் திரும்பப் பளிங்காகும். ஒவ்வொரு முறை பளிங்காகும்போதும் துளையின் சுவர்களை நெரிக்கும். கரைந்து பளிங்காகி, கரைந்து பளிங்காகி, கடைசியில் சீமெந்துப் பூச்சு கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு பலகையாக விழும். பிறகு, “பழைய வீடு, இதுக்கு மேல தாங்காது” என்று இடித்துவிடுகிறார்கள். போரில் தப்பிய எத்தனையோ நாற்சார் வீடுகள், நடுமுற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பூச்சு உதிர்வது அதன் வேலை. கல்லுக்கு வரவேண்டிய கேட்டைப் பூச்சு தன்மேல் வாங்கிக்கொள்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் பூசி, வெள்ளையடித்தால் போதும். முன்பெல்லாம் சாந்தில் பனங்கட்டிக் கரைசலும் சேர்ப்பார்களாம். சீனிச்சத்துள்ள நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதால் அதில் அர்த்தம் உண்டு.

மேசனோடு அரைநாள் பேசினேன். நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று குழைத்து, கதவு நிலையைச் சுற்றியும் அடிச்சுவரிலும் பூசித் தந்தார். காபனீரொட்சைட்டு சிறிது ஈரத்தில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் பூச்சு மாவாக உதிர்ந்துவிடும். அதனால் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். இந்தக் கிழமை காலையும் மாலையும் அவற்றை நனைப்பது என் பொறுப்பு.