புயலுக்கு முந்திய மாலை: உயர்முகாமில் காத்திருக்கப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் நான் நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கு, மழை விடாத ஒரு மாலையில், நாற்பது வயதைத் தாண்டிய பொறியியலாளர் ஒருவர் சிறிய குறிப்பேட்டுடன் வந்தார். நேபாளத்தின் மேரா சிகரத்தில் (6,476 மீற்றர்) ஏறப் போய், உச்சியைத் தொடாமலே திரும்பியிருந்தார். ஏறத்தாழ 5,800 மீற்றர் உயரத்திலுள்ள மேல்முகாமில் பனிப்புயல் பிடித்துக்கொள்ள, இரண்டு இரவுகள் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்த அவருக்கு, இரண்டாம் இரவைப் பற்றிய நினைவே இல்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

குறிப்பேட்டில், விரலில் மாட்டும் ஒட்சிசன் அளக்கும் கருவி காட்டிய எண்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார்: 79, 77, 76, 77. கொழும்பில் இந்த எண்களைக் கண்டால் அம்புலன்சைக் கூப்பிடுவோம். ஆனால் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழப் பாதியாகிவிடும் அந்த உயரத்தில், நலமாக இருப்பவருக்கும் எழுபதுகளில் காட்டுவது புதுமையன்று. எண் இறங்கவில்லையே என்று அவரும் ஆறுதலாக இருந்திருக்கிறார். நான் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தேன். முதற்பக்கத்தில் வரைபடம் கீறிப் பழகிய கையின் அச்சுப் போன்ற எழுத்து. அடுத்த பக்கத்தில் அது கோட்டை விட்டுச் சரிகிறது. கடைசிப் பதிவில் இரண்டாவது ஏழின் கால் தாளின் ஓரம்வரை இழுபட்டுப் போயிருக்கிறது. உயரத்தால் மூளை வீங்கத் தொடங்கும்போது முதலில் குலைவது உடலின் ஒத்திசைவு. அதை அந்தப் பேனை அவருக்கு முன்பே அறிந்திருந்தது.

முதல் மாலையே அவருக்குத் தலையிடி இருந்தது. "ரெண்டு பனடோலைப் போட்டுட்டுப் படுங்கோ அண்ணை, விடியப் பாப்பம்" என்றாராம் கூடப் போன நண்பர். விடிந்தபோது சப்பாத்து நாடாவை அவரால் கட்ட முடியவில்லை. வழிகாட்டியாக வந்த நேபாளியர் அவரை வெளியே கொண்டுவந்து, குதிக்கு முன் விரல் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்ல, மூன்றாம் அடியில் சாய்ந்துவிட்டார். புயல் சற்றே தணிந்த ஓர் இடைவெளியில் கீழேயுள்ள காரே கிராமத்துக்கு இறக்கப்பட்டதால்தான் குறிப்பேட்டுடன் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

வானம் வெளிக்கும்வரை காத்திருப்பது நலமாக இருப்பவர் செய்ய வேண்டிய காரியம். நோயாளி காத்திருக்கலாகாது, அவர் இறங்க வேண்டும். 300 முதல் 1,000 மீற்றர் வரை இறங்கினாலே பெரும்பாலும் நிலைமை திரும்பிவிடும். ஆனால் புயல் கட்டிய பிறகு இறக்குவதும் ஆபத்து என்பதால், யார் நலம், யார் நலமில்லை என்ற கணக்கை முகில் திரளும் மாலையிலேயே, பாதை திறந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இதைத்தான் என்னிடம் ஆலோசனைக்கு வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எமது நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான் என்பதால், சிவனொளிபாதமலைக்கு வருடாவருடம் ஏறுகிறவருக்கும் இந்த நோய் அறிமுகமில்லை. நடக்காமல் படுத்திருந்தால் உடம்பு தேறிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உயரத்தால் வரும் இன்னொரு நோயான நுரையீரலில் நீர்கோப்பதோ, புதிய உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவில்தான் அதிகமாகத் தலைகாட்டுகிறது. அதாவது, நீங்கள் கூடாரத்துக்குள் காத்திருக்கும் அதே இரவில். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் அதன் அடையாளங்கள். 'மலைக்குளிரில் பிடித்த தடிமன்' என்று அதை ஒதுக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு தலையிடியும் உண்டு. குளிருக்குக் கூடாரத்தை இறுக மூடிக்கொண்டு, உள்ளேயே அடுப்பை மூட்டிப் பனியை உருக்கித் தேத்தண்ணீர் வைப்பார்கள். வெளியே பனி குவிந்து காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிட்டால், அடுப்பு எரிவதால் உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உள்ளேயே தங்கும். அதன் அறிகுறிகளும் தலையிடி, குமட்டல், சோர்வுதான் என்பதால் உயர நோயிலிருந்து பிரித்தறிவது கடினம். கொவிட் காலத்தில் வீடுதோறும் வாங்கி வைத்த அந்த விரற்கருவிக்கு இந்த வாயுவையும் ஒட்சிசனையும் பிரித்தறியத் தெரியாது. நஞ்சேறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டும். இரவில் யாராவது ஒருவர் முறைவைத்து எழுந்து கூடாரத்தைச் சுற்றிப் பனியை வாரிப் போடுவது இதற்காகவுந்தான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: உறைந்த இன்சுலின் பயன்படாது. அதை உடம்போடு ஒட்டிய உட்சட்டைப் பையில் வைத்திருங்கள், இரவில் உறக்கப் பைக்குள்ளும்.

ஒக்டோபர் மாதம் வானம் தெளிவாக இருக்கும் என்று முகவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் 2014 ஒக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் சூறாவளியின் எச்சம், இரண்டு நாட்களில் அன்னபூர்ணாப் பகுதிக்குப் போய்ப் பனியாகக் கொட்டியதில், 5,416 மீற்றர் உயரமுள்ள தோரங் கணவாயிலும் அதன் சுற்றுவட்டத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்காள விரிகுடாத் தாழமுக்கம் என்றால் எமக்குக் கொழும்பிலே மழையும் வெள்ளமும். அங்கே அது வேறு முகம் காட்டும். ஆகவே ஏறுமுன் விரிகுடாவின் வானிலை அறிக்கையையும் பாருங்கள்.

பொறியியலாளர் மறுபடியும் போகிறார். முன்னைய பயணத்தில் விடுமுறையை ஒரு நாள்கூட மிச்சமின்றிக் கணக்குப்போட்டுப் போனதால்தான் முதல் மாலை இறங்க மனம் வரவில்லை என்று அவரே சொன்னார். இம்முறை திரும்பும் பயணச்சீட்டை ஐந்து நாட்கள் தள்ளி வாங்கியிருக்கிறார். புதிய குறிப்பேட்டையும் காட்டினார். நாடித்துடிப்புக்கும் ஒட்சிசனுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிரல் கீறி, அதன் தலைப்பில் 'நேர்கோட்டு நடை' என்று எழுதியிருந்தார். அதை நிரப்ப வேண்டியவர் கூடாரத்தில் கூட இருப்பவர் என்று அடைப்புக்குறிக்குள் நான் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.