பழைய படகின் எஞ்சினை ஏன் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்?

பழைய விசைப்படகு ஒன்றுக்கு விலை பேசப் போகிறவர், ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன் எஞ்சினின் பக்கச்சுவரில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். உலோகம் வெதுவெதுப்பாக இருந்தால், விற்பவர் சற்று முன்னரே அதை ஓட்டி வைத்திருக்கிறார். சோதனையை மறுநாள் விடியற்காலைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அமுக்கும்போது, காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருந்தால் காற்று கசிந்து, அழுத்தமும் சூடும் குறைகின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று என்ற அளவில் மெல்லச் சுழற்றும்போது கசிவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. மிஞ்சிய சூட்டையும் குளிர்ந்த சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சின் ஓடத் தொடங்கி 800 சுற்றை எட்டிவிட்டாலோ, ஒவ்வோர் அமுக்கத்துக்கும் ஆகும் நேரம் நான்கில் ஒரு பங்காகிவிடுவதால் கசிவு குறைகிறது, சுவர்களும் சூடேறிவிடுகின்றன. தேய்ந்த எஞ்சினும் அப்போது நல்ல எஞ்சினைப் போலவே ஓடும்.

குளிரில் கிளம்பும்போது வரும் வெண்புகை, எரியாத டீசலின் நுண்துளிகள். அது கண்ணை எரிக்கும். ஓரிரு நிமிடங்களில் மறைந்தால் கவலையில்லை. நீங்காத நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டுகிறது.

ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நாள்தோறும் ஓடிய எஞ்சினைவிட, மாதக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சினே பல நேரங்களில் மோசமாக இருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. இடையிடையே ஓட்டிவைக்காவிட்டால், சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் படலம் வடிந்து, திறந்திருக்கும் வால்வு வழியே புகும் உப்புக் காற்று துருவை உண்டாக்குகிறது. பழுதுபார்ப்பும் பெயின்ட் பூச்சும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நடக்கும். கசிவுத் தடம் தெரியும் அழுக்கு எஞ்சின், புதுப்பூச்சு பளபளக்கும் எஞ்சினைவிட நேர்மையானது.

புகைக்குழாயில் கடல்நீரைப் பாய்ச்சிக் குளிர்விக்கும் படகுகளில், நீரும் புகையும் கலக்கும் முழங்கை வளைவைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். சூடும் உப்பும் அதை உள்ளிருந்தே அரித்துவிட்டால், கடல்நீர், புகை வெளியேறும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், நீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

பிறகு படகைக் கடலில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த உச்சச் சுற்றை எட்டாமல் கரும்புகை கக்கினால், எரிபொருளுக்கு ஈடான காற்று கிடைக்கவில்லை அல்லது எஞ்சின் தாங்குவதைவிடப் பெரிய புரொப்பல்லர் பூட்டப்பட்டிருக்கிறது. அடிப்பலகையில் படிந்த சிப்பியும் பாசியும்கூட இதே அறிகுறியைத் தரும் என்பதால், அவசரப்பட்டு எஞ்சினைக் குறை சொல்லிவிடக் கூடாது.

கரை திரும்பியதும் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்: இரும்பு மிகுந்தால் சிலிண்டர் தேய்மானம், செம்பும் ஈயமும் மிகுந்தால் பேரிங் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். நேற்றுத்தான் ஆயில் மாற்றினோம் என்று விற்பவர் சொன்னால் அந்த மாதிரியால் பயனில்லை. கழற்றிய பழைய ஆயில் ஃபில்டரைக் கேட்டு வாங்கி, வெட்டி விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும்.