கூட்ஸ் கோச்சியைச் சுருக்கினால் என்ன ஆகும்?

மாதிரி ரயில் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் மனதைக் கொடுப்பார்கள். எனக்குச் சரக்குப் பெட்டிகள்தான். எஞ்சினுக்குள் மோட்டர் இருக்கிறது, பற்சக்கரங்கள் இருக்கின்றன, கோளாறு வந்தால் தேடிப் பார்க்கப் பல இடங்கள் உண்டு. சரக்குப் பெட்டியில் இரண்டு அச்சு, நாலு சில்லு, மேலே ஒரு கூடு. அவ்வளவுதான். ஆனால் அதை ஒழுங்காக ஓட வைக்கப் போனால், பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகவியல் பாதிக்கு மேல் தேவைப்படும்.

நம்முடைய ரயிலே சரக்குக்காகப் பிறந்ததுதான். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும் என்பதே நோக்கம். கோப்பி போய்த் தேயிலை வந்தது. அப்புறம் காங்கேசன்துறைச் சீமெந்து, திருகோணமலைக் கோதுமை மா, கொலன்னாவையிலிருந்து போகும் எண்ணெய். தெமட்டகொடையில் ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவன் நான். கூட்ஸ் கோச்சியின் சத்தம் கேட்காத இரவு அங்கே குறைவு. அந்தப் பெட்டிகளை மேசையில் ஓடவிட வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்தது. ஓடவிடத் தொடங்கினால் ஒன்று தெரியவரும்: மாதிரிப் பெட்டி வெளியே பார்க்கத்தான் உண்மைப் பெட்டி. உள்ளே அது வேறு கணக்கில் இயங்கும் வேறொரு இயந்திரம்.

எடையிலிருந்து தொடங்குவோம். உலகில் அதிகமாகப் புழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படும் 87இல் ஒன்று. நீளம் 87இல் ஒன்றாகும்போது அகலமும் உயரமும் அப்படியே குறையும். அதனால் கன அளவு 87 × 87 × 87, அதாவது 658,503இல் ஒன்றாகிவிடும். எடையும் அதன் பின்னாலேயே போகும். இரண்டு அச்சுள்ள மூடிய பெட்டி ஒன்றின் நீளம் 7 மீற்றர், வெறும் எடை 10 தொன் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் அதன் நீளம் 8 சென்றிமீற்றர். எடை வெறும் 15 கிராம். 16 தொன் சீமெந்தை ஏற்றிய நிலையைச் சுருக்கினாலும் 40 கிராமைத் தாண்டாது.

15 கிராம் பெட்டி தண்டவாளத்தில் நிற்கும். ஓடாது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. பெட்டிகளுக்குச் சொல்லும் கணக்கு இது: ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 8 சென்றிமீற்றர் பெட்டிக்கு அது ஏறத்தாழ 73 கிராம் வரும். சரியாகச் சுருக்கிய எடையைப் போல ஐந்து மடங்கு.

ஏன் இவ்வளவு? பெட்டி சுருங்கிய அளவுக்கு அதைத் தடம் புரட்டும் காரணங்கள் சுருங்கவில்லை. மேசையில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் அரை மில்லிமீற்றர் மேடு பள்ளம் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டோம். அதை 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 43 மில்லிமீற்றர். மருதானையில் தண்டவாளம் அப்படி இருந்தால் எந்த வண்டியும் அதன்மேல் நல்லபடியாகப் போய்ச் சேராது. சில்லு தண்டவாளத்தில் ஏறாமல் இருப்பது, பக்கவாட்டில் தள்ளும் விசைக்கும் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. தள்ளும் விசையை நம்மால் குறைக்க முடியாவிட்டால் எடையைத்தான் கூட்ட வேண்டும். வளைவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஞ்சினுக்கு அடுத்ததாக எடை போடாத பெட்டியையும் அதன் பின்னால் பாரமான பத்துப் பெட்டிகளையும் கோத்து இழுத்தால், இறுகிய இணைப்பு நேர்கோடாகப் பார்க்கும். அந்த முதல் பெட்டி வளைவின் உட்பக்கமாகச் சரிந்து விழும். உண்மை ரயிலிலும் இதே ஆபத்து உண்டு. வெறும் பெட்டிகளைப் பாரமானவற்றுக்கு முன்னால் கோத்து, இறுகிய வளைவில் பலமாக இழுக்கக் கூடாது.

எடைக்கு நான் போகும் இடம் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. டயர் பலன்ஸ் பண்ணும்போது விளிம்பில் ஒட்டுவார்களே, 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக வரும் பட்டை, அதுதான். பின்பக்கம் பசை இருக்கிறது, எடை அச்சிட்டே இருக்கிறது, வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கே ஒட்டுகிறோம் என்பது முக்கியம். கூரையின் உட்பக்கம் ஒட்டினால் புவியீர்ப்பு மையம் மேலேறி, வளைவில் பெட்டி கவிழப் பார்க்கும். தளத்தில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சமமாக ஒட்ட வேண்டும்.

எடை கூடினால் இழுப்பது கஷ்டமாகுமே என்று கேட்கலாம். அதற்கான பதில் அச்சின் நுனியில் இருக்கிறது.

பழைய சரக்குப் பெட்டிகளில் அச்சின் நுனி ஒரு பெட்டிக்குள், வெள்ளை உலோகம் பூசிய பித்தளைத் தாங்கிக்குக் கீழே சுழலும். அடியில் எண்ணெய் ஊறிய பஞ்சு. வண்டி ஓடும்போது அச்சு தானே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரப்பும். நின்றால் அந்தப் படலம் பிதுங்கி வெளியேறி, உலோகம் உலோகத்தில் குந்திவிடும். அதனால்தான் நிற்கிற கூட்ஸ் வண்டியைக் கிளப்புவது ஓடுகிறதை இழுப்பதைவிடப் பல மடங்கு கடினம். எண்ணெய் தீர்ந்தால் தாங்கி சூடேறிப் புகையும். வண்டி கடக்கும்போது ஸ்டேஷன் ஆட்கள் வெளியே வந்து நின்று சில்லுகளைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரியில் இந்த ஏற்பாட்டைச் சுருக்கினால் எண்ணெயின் பிசுக்கே பெட்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே வேறு வழி. அச்சின் இரண்டு நுனிகளையும் ஊசி முனையாகச் சீவி, கூம்பு வடிவக் குழியில் உட்கார வைக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அழகாகத் தெரியும்: குழியின் கோணம் முனையின் கோணத்தைவிட அகலம். ஆகவே கூரான நுனி மட்டும்தான் தொடும். உராய்வு விசை எடையைப் பொறுத்தது, உண்மைதான். ஆனால் அது சில்லைத் தடுக்கும் பலம், அந்த உராய்வு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே அந்தத் தூரம் ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதி. சில்லின் ஆரையோ 5 மில்லிமீற்றர். நெம்புகோல் கணக்கில் உராய்வு தோற்றுப்போகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மீற்றர் பலகையின் ஒரு நுனியை 23 மில்லிமீற்றர் உயர்த்தினால் 44க்கு 1 சரிவு வரும். நம்முடைய மலையகப் பாதையின் கடுமையான ஏற்றம் அதுதான். நல்ல ஊசிமுனை அச்சுள்ள பெட்டி அதில் தானாக உருளும். இவ்வளவு செய்தும் உண்மைப் பெட்டியை நம்மால் வெல்ல முடிவதில்லை. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும் பெரிய பெட்டி, ஒருமுறை அசைந்துவிட்டால் 300க்கு 1, 400க்கு 1 போன்ற சரிவிலும் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குச் சமதரையாகத் தெரியும் இடத்தில்கூட பிரேக் போடாத சரக்குப் பெட்டி ஆபத்தானது என்பது இதனால்தான்.

இனி வளைவு. என்னைக் கேட்டால் ரயில்சில்லு மனிதர் செய்த மிகச் சிறந்த வடிவங்களில் ஒன்று. காரில் இடது சில்லும் வலது சில்லும் வேறு வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் இருக்கிறது. ரயிலில் இரண்டு சில்லும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் கூட, உள் தண்டவாளம் குறைவு. எப்படித் திரும்புகிறது? சில்லின் ஓடும் பரப்பு தட்டையாக இல்லை, 20க்கு 1 என்ற அளவில் கூம்பாகச் சாய்ந்திருக்கிறது. வளைவில் அச்சு வெளிப்பக்கம் கொஞ்சம் நகர்ந்ததும், வெளிச்சில்லு தன் பெரிய விட்டத்திலும் உட்சில்லு சிறிய விட்டத்திலும் ஓடத் தொடங்கும். கூம்பு தானாகவே திரும்பிக்கொள்ளும். சில்லின் உட்பக்கம் கீழே இறங்கி நிற்கும் விளிம்பு சும்மா காவலுக்கு நிற்கிறது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. நம் அகலப் பாதையில் இரண்டு சில்லுகளும் தண்டவாளத்தைத் தொடும் இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.75 மீற்றர். மலையகத்தில் 5 செயின், அதாவது 100 மீற்றர் ஆரை வளைவுகள் இருக்கின்றன. அங்கே வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட 1.75 சதவீதம் நீளம். 90 சென்றிமீற்றர்ச் சில்லுக்கு 16 மில்லிமீற்றர் விட்ட வித்தியாசம் வேண்டும். விளிம்பு முட்டுவதற்கு முன் அச்சு ஒரு சென்றிமீற்றர் அளவுதான் நகர முடியும். அதில் கிடைப்பது 2 மில்லிமீற்றர் வித்தியாசம். மிச்சத்தைச் சறுக்கியும் விளிம்பால் உரசியும்தான் சரிக்கட்ட வேண்டும். சில்லு பிடித்துப் பிடித்து வழுக்கும்போது எழும் சத்தம்தான், ஹட்டன் தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் வண்டிகளில் கேட்கும் அந்தக் கீச்சிடல்.

மாதிரிச் சில்லிலும் அதே கூம்பு இருக்கிறது, ஏறத்தாழ 3 பாகை. ஆனால் கடையில் வாங்கும் வளைவின் ஆரை பெரும்பாலும் 438 மில்லிமீற்றர்தான். பெருக்கினால் 38 மீற்றர் வரும், மலையக வளைவின் பாதியைவிட இறுக்கம். மலையக வளைவை உள்ளபடி போட வேண்டுமென்றால் அரைவட்டம் திரும்பவே 2.3 மீற்றர் அகலம் வேண்டும். வெள்ளவத்தை மாடிவீட்டில் அதற்கு எங்கே இடம்? கடையில் வாங்கிய இறுகிய வளைவில் கூம்பு அதிகம் உதவாது, விளிம்பைத்தான் நம்ப வேண்டும். அதனால் மாதிரிச் சில்லின் விளிம்பை 0.6 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறார்கள். உண்மைச் சில்லின் விளிம்பைச் சுருக்கினால் வருவதைப் போல இரண்டு மடங்கு அது.

பாதை அகலத்தையும் சொல்ல வேண்டும். எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீற்றர் பாதைக்கு அது சரி. நம்முடைய 1,676 மில்லிமீற்றர் பாதைக்கு 19.3 வேண்டும். கடைத் தண்டவாளத்தில் இலங்கைப் பெட்டியை ஏற்றினால் கால்களை ஒடுக்கி நிற்கிற தோற்றம் வந்துவிடும். களனிவெளிப் பாதையைச் செய்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1990களில் அகலமாக்கப்படும்வரை அது 762 மில்லிமீற்றர்க் குறுகிய பாதை. அதை 87ஆல் வகுத்தால் 8.8. எந்தக் கடையிலும் கிடைக்கும் 9 மில்லிமீற்றர்த் தண்டவாளம் அதற்குக் கச்சிதம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். எங்கள் மாமா ஒருவர் வண்டியின் கடைசிப் பெட்டியில் போகும் ரயில் கார்டாக இருந்தவர், காங்கேசன்துறைச் சீமெந்து வண்டிகளில் போய்வந்தவர். கூட்ஸ் புறப்படும்போது வண்டி முழுவதும் ஒரே நேரத்தில் நகராது. பெட்டிகளுக்கு இடையே உள்ள சங்கிலிகள் தளர்வாகத் தொங்கும். எஞ்சின் முதல் பெட்டியை மட்டும் இழுக்கும், சங்கிலி இறுகியதும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. நான் முன்னே சொன்ன எண்ணெய்ப் படலம் இல்லாத அச்சுகளை ஒவ்வொன்றாகக் கிளப்புவதற்கு இந்தத் தளர்வு உதவியது. ஒவ்வோர் இணைப்பிலும் 10 சென்றிமீற்றர் தளர்வு, எஞ்சின் விநாடிக்கு அரை மீற்றர் வேகம் என்றால், ஒரு பெட்டிக்கு 0.2 விநாடி. முப்பது பெட்டிக்கு 6 விநாடி. டங், டங், டங் என்று அந்த அடி எஞ்சினிலிருந்து வாலுக்கு ஓடிவரும். கடைசியில் நிற்கும் கார்ட் பெட்டிக்கு அந்த அடி வரும்போது எஞ்சின் ஏற்கெனவே வேகம் பிடித்திருக்கும். உள்ளே நிற்பவரைத் தூக்கி எறிகிற உலுக்கல் அது. "சத்தம் கிட்ட வர முன்னமே கம்பியைப் பிடிச்சிடோணும் தம்பி" என்பார் மாமா.

மேசையில் அந்த டங் வராது. காரணம் பொருள்கள் அதிரும் விதம். ஒரே உலோகத்தில் ஒரே வடிவத்தை 87 மடங்கு சிறிதாகச் செய்தால், அதன் அதிர்வெண் 87 மடங்கு கூடும். பெரிய பெட்டியில் 200 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் அடி, மாதிரியில் 17,400 ஹேர்ட்ஸ். அது காதின் எல்லை. வயது ஏறியவர்களுக்கு அறவே கேட்காது. ஆட்டமும் அப்படித்தான். புவியீர்ப்பால் நடக்கும் அசைவுகளின் கால அளவு, நீளத்தின் வர்க்கமூலப்படி குறையும். பாதி நிரம்பிய எண்ணெய் டாங்கிப் பெட்டி நின்றபின், உள்ளே எண்ணெய் ஒரு முறை போய்வர 4 விநாடி எடுக்கும் என்றால், 87இல் ஒன்றான டாங்கியில் அரை விநாடிகூட எடுக்காது. சினிமாவில் சின்ன மாதிரிகளைப் படம் பிடிக்கிறவர்கள் அதிவேகமாகப் பிடித்து மெதுவாக ஓட்டுவது இந்தக் கணக்குக்காகத்தான்.

ஆகவே சத்தத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இப்போது மாதிரிகளுக்குள் பதிவுசெய்த ஒலியைத் தரும் சிறு மின்சுற்றும், ஒன்றிரண்டு சென்றிமீற்றர் ஒலிபெருக்கியும் வைக்கலாம். சங்கிலி அடியின் கூரான பகுதி அதில் நன்றாக வரும். அடித்தொனி வராது. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின்களை எடுங்கள், சில ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை. அவற்றில் 12 சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் டீசல் இயந்திரம், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். நின்று உறுமும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 275 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 12 வெடிப்பு என்றால் விநாடிக்கு 55. அந்த 55 ஹேர்ட்ஸை எழுப்பும் அளவுக்குக் காற்றைத் தள்ள விரல்நுனி ஒலிபெருக்கியால் முடியாது.

இதற்கு மாதிரி ரயில்காரர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். மேசைக்கு அடியில் பெரிய ஊஃபர் ஒன்றை வைத்து, அடித்தொனியை மட்டும் அதற்கு அனுப்புகிறார்கள். ஓர் அறைக்குள் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். வண்டிக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியின் கூரான சத்தத்தை வைத்துத்தான் மூளை இடத்தை முடிவுசெய்கிறது, அடித்தொனியையும் அதே இடத்தில் சேர்த்துவிடுகிறது. ஊஃபரை மட்டும் மேசைக்காலில் முட்டாமல் தரையில் தடித்த இறப்பர் துண்டின்மேல் வையுங்கள். முட்டினால் மேசைப் பலகை சேர்ந்து அதிரும், அந்த அதிர்வு கூரான சத்தமாகக் கேட்டு, ஒலி மேசைக்கு அடியிலிருந்து வருவதைக் காட்டிக் கொடுத்துவிடும்.