"உடம்பு சரியில்லையா?": ஒப்பனை குறைந்த முகத்தைக் கண் எப்படிப் படிக்கிறது

தினமும் ஃபவுண்டேஷன், காம்பேக்ட், கண்மை, லிப்ஸ்டிக் என்று முழு ஒப்பனையோடு அலுவலகம் செல்லும் ஒரு பெண், ஏதோ ஒரு திங்கட்கிழமை முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு அப்படியே போனால், பதினொரு மணித் தேநீருக்குள் யாராவது ஒருவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுவார். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். கேட்கப்பட்டவரோ மறுநாள் காலையிலேயே பழைய ஒப்பனைக்குத் திரும்பிவிடுகிறார். ஒப்பனையைக் குறைக்க நினைப்பவர்களின் முயற்சி பெரும்பாலும் இந்த ஒற்றைக் கேள்வியில்தான் முறிகிறது. என்னுடைய முதல் முயற்சியும் அப்படித்தான் முறிந்தது. முகத்தைக் கண் எப்படி அளக்கிறது என்பதைப் படித்த பிறகுதான், அந்தக் கேள்வியில் என் முகத்தைப் பற்றிய செய்தி மிகக் கொஞ்சமே இருந்தது என்பது விளங்கியது.

மனித முகத்தில் கண்களும் புருவங்களும் உதடுகளும் சுற்றியுள்ள தோலைவிடக் கருமையானவை. இந்த ஒளி வேறுபாடு சராசரியாக ஆண்களின் முகத்தைவிடப் பெண்களின் முகத்தில் சற்று அதிகம் என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவர் உருவாக்கிய ஒரு மாயத் தோற்றம் மிகவும் பேசப்பட்டது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரே முகப்படத்தை எடுத்து, கண்ணையும் உதட்டையும் துளியும் மாற்றாமல், மற்றப் பகுதியை ஒரு படத்தில் சற்று வெளிறவும் இன்னொன்றில் சற்றுக் கருக்கவும் செய்தார். முதல் படம் பெண்ணாகவும் இரண்டாவது ஆணாகவும் தெரிந்தது. கண்மையும் லிப்ஸ்டிக்கும் செய்வது இதே வேலையைத்தான். உறுப்புகளைக் கருக்கி, சிவக்கவைத்து, தோலுக்கும் அவற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கூட்டிவிடுகின்றன. வயது ஏற ஏற இந்த வேறுபாட்டின் சில கூறுகள் தாமாகவே குறைகின்றன என்பதும், வேறுபாடு குறைந்த முகத்தை மனிதர்கள் வயது கூடியதாகவும் ஆரோக்கியம் குறைந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள் என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தன. (இந்தத் துறையில் ஆய்வுக்குக் கை கொடுப்பவர்களில் அழகுப்பொருள் நிறுவனங்களும் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.)

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்பலாம். உடன் பணியாற்றுபவரின் மனத்தில் இருக்கும் உங்கள் முகம், கண்மையும் லிப்ஸ்டிக்கும் சேர்ந்த முகம். இன்று அதிலிருந்து வேறுபாடு திடீரென்று குறைந்திருக்கிறது. காய்ச்சலிலும் தூக்கமின்மையிலும் வெளிறிப்போகும் முகத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே என்பதால், அவருடைய கண் தனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறது. நேற்றைய முகத்தைப் பார்த்திராத ஒருவர், மின்தூக்கியில் எதிரே வரும் அந்நியர், அப்படி எதையும் கேட்கப்போவதில்லை.

அந்நியர்கூட வேண்டாம், கண்ணாடியில் நமக்கே நம் முகம் அந்நியமாகத் தெரிகிறதே என்றால், அதற்கும் காரணம் உண்டு. மைக்கேல் வெப்ஸ்டர் என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் 1999-இல் செய்த சோதனையில், கணினியில் அழுத்திச் சுருக்கிய முகப்படங்களைச் சில நிமிடங்கள் பார்த்தவர்களுக்கு, அதன்பின் காட்டிய இயல்பான முகம் விரிந்து உப்பியதுபோல் தெரிந்தது. எதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அதையே நடுநிலையாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து விலகியவையாக மூளை கணக்கிடுகிறது. சில நிமிடங்களே இதைச் செய்யுமானால், ஐந்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாள் காலையிலும் ஒப்பனை முடிந்த முகத்தையே "தயாரான முகம்" என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெறும் முகம் ஏதோ குறைந்ததாகத் தெரிவதில் வியப்பில்லை. இந்த நீட்சி என் ஊகம்தான். ஆனால் பழக்கம் விருப்பத்தை உண்டாக்கும் என்பதற்கு முகத்தைப் பொறுத்தே நேரடியான சான்று உண்டு. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களின் புகைப்படத்தை இயல்பாகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டியபோது, அவர்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தை ஒத்த படத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களின் தோழியரோ, தாம் தினமும் எதிரே காணும் இயல்பான படத்தை விரும்பினார்கள். முகம் ஒன்றுதான், பழக்கம் வேறு.

கைபேசியின் முன்புறக் கேமரா இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து மூக்கின் இரு பக்கமும் நிழல் தீட்டக் கற்றுக்கொள்வது, கேமராவின் பிழையை முகத்தில் திருத்துவதற்கு ஒப்பாகும்.

பிறர் நம்மை எவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள் என்பதிலும் நம் கணக்கு தவறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2000-இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. அந்த வயதினர் அணியக் கூசும் ஒரு பாடகரின் படம் பொறித்த டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் சிறிது நேரம் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒருவர் அளவுகூட இல்லை. தாடையில் முளைத்த ஒரு பருவை மறைக்கக் கன்சீலரைத் தேடும் கை, இந்தப் பாதிப் பேருக்கும் கால் பங்கினருக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒப்பனையின் அளவைப் பற்றியே நேரடியாகக் கேட்ட ஆய்வும் ஒன்று உண்டு. வேல்ஸில் உள்ள பாங்கோர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது அது. பெண்களை ஒப்பனை இல்லாமலும், மாலை வெளியே கிளம்புவதற்குரிய ஒப்பனையோடும் படமெடுத்து, இரண்டுக்கும் இடையில் படிப்படியாக மாறும் படவரிசை ஒன்றைக் கணினியில் உண்டாக்கினார்கள். உங்களுக்கு எந்தப் படி அழகாகத் தெரிகிறது என்று கேட்டபோது, ஆண்களும் பெண்களும் அந்தப் பெண்கள் உண்மையில் பூசியிருந்ததைவிடக் குறைந்த அளவையே தேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டபோது மட்டும், அதைவிடக் கூடுதலான அளவைக் காட்டினார்கள். யாரும் நேராக விரும்பாத ஓர் அளவை, எல்லோரும் மற்றவர் விரும்புவதாக எண்ணிப் பூசிக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் துணிவு வருவதில்லை என்பதே பலருடைய அனுபவம். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1990-களின் தொடக்கத்தில் விளக்கிய "பாதுகாப்பு நடத்தை" என்னும் கருத்து இங்கே பொருந்துகிறது. ஓர் அச்சத்தைத் தணிக்க நாம் ஒன்றைச் செய்கிறோம், அச்சப்பட்டது நடக்கவில்லை, நடக்காததற்கான பெருமை முழுவதும் நாம் செய்த அந்தச் செயலுக்குப் போய்ச் சேர்கிறது. கூட்டத்தில் நன்றாகப் பேசிய நாளின் மதிப்பெண்ணை லிப்ஸ்டிக் வாங்கிக்கொண்டுவிடுகிறது, பேசியவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஒப்பனையில்லாமல் அதே கூட்டத்தில் அமரும்வரை இந்தக் கணக்கைச் சரிபார்க்க வழியே இல்லை. அதனால்தான், தன்னம்பிக்கை வந்தபின் குறைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். (வெறும் முகத்தோடு வீட்டு வாசலைத் தாண்டவே இயலாத அளவுக்கு அச்சம் இருந்தால், அது இந்தக் கட்டுரை பேசும் பொருள் அன்று, மனநல மருத்துவரிடம் பேச வேண்டியது.)

குறைப்பதை எப்படித் தொடங்குவது என்பதற்கு, 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் கண்ட ஒழுங்கு உதவுகிறது. ஒரு மாற்றம் கண்ணில் படுமா என்பது, மாறிய அளவு ஏற்கெனவே இருந்த அளவில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது. பத்து விளக்குகள் எரியும் மண்டபத்தில் ஒன்று அணைந்தால் பலர் கவனிப்பதில்லை. இரண்டு எரியும் அறையில் ஒன்று அணைந்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்ட பெண் எல்லா விளக்கையும் ஒன்றாக அணைத்தவர். வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்திருந்தால் கேள்வி எழுந்திருக்காது. அவருடைய கண்ணும் பிறருடைய கண்ணும் ஒவ்வொரு படியிலும் புதிய நடுநிலைக்குப் பழகியிருக்கும்.

முதலில் விட வேண்டியது ஃபவுண்டேஷன் என்பது என் கருத்து, அதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஃபவுண்டேஷனின் மறைக்கும் திறன் பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்பொடியிலிருந்து வருகிறது; ஒளியை மிகக் கூர்மையாக வளைத்துச் சிதறடிப்பதால் அடியிலுள்ள நிறம் தெரிவதில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து இந்த வெண்மைக்குத் தோல்நிறம் ஊட்டுகிறார்கள். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இந்தக் கலவை சற்றுப் பிசகினாலும், வெண்பொடியின் சிதறல் மேலோங்கி, முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. சென்னையின் மே மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. காலை எட்டு மணிக்குச் சீராக இருந்த பூச்சு, மதியம் மூக்கோரத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்து, நெற்றியில் ஒரு படி கருத்து, மேலுதட்டின் மேல் வியர்வை முத்து நின்ற இடங்களில் ஊசிமுனைப் புள்ளிகளாக விட்டுப்போயிருக்கும். கருத்ததைக் கடைக்காரர்கள் "ஆக்ஸிடைஸ் ஆகிவிட்டது" என்பார்கள். சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடுகள் ஏற்கெனவே முழுதும் ஆக்சிஜனேற்றம் (ஆக்ஸிடைஸ்) அடைந்தவை, மேலும் அடைய இடமில்லை. பெரும்பாலும் நடப்பது, உலர்ந்த மணல் நனைந்தால் கருத்துத் தெரிவது போன்றதுதான்: பொடித்துகள்களுக்கு இடையில் காற்று இருந்த இடத்தைத் தோலின் எண்ணெய் நிரப்பிவிட, ஒளிச்சிதறல் குறைகிறது. முகத்தைச் சீராக்கப் பூசியது தானே ஒரு சீரின்மையை உண்டாக்கி, அதை மறைக்கக் காம்பேக்ட் கேட்கிறது. கண்மையும் உதட்டுச் சாயமும் இவ்வளவு தொல்லை தருவதில்லை, முகத்தின் ஒளி வேறுபாட்டையும் அவையே தாங்குகின்றன. ஆகவே அவற்றைக் கடைசிவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இனி தோல். ஒப்பனையை விட்டால் "தோல் மூச்சு விடும்" என்று சொல்வதுண்டு. மயிர்க்கால்களின் துளைகள் மூக்குத் துளைகள் அல்ல. ஃபவுண்டேஷனின் அடியில் தோல் மூச்சுத் திணறுவதும் இல்லை. உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. சில பூச்சுகளின் எண்ணெய்ப் பொருள்கள் மயிர்க்கால் துளைகளை அடைத்துச் சிறு வெண்முட்களை உண்டாக்குகின்றன. இதற்கு ஒப்பனைப் பரு என்று 1972-இல் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் மில்ஸும் பெயரிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடைப்பு, தெரியும் பருவாக முதிர ஏறத்தாழ 8 வாரங்கள் ஆகலாம் என்பதால், பூச்சை நிறுத்திய பத்தாம் நாளில் புதுப் பரு வந்தால் அது பழைய கணக்கின் மிச்சமே. இதைத் தெரிந்துகொள்ளாமல், விட்டதால்தான் பரு வந்தது என்று மறுபடி மறைக்கத் தொடங்குபவர்கள் பலர்.

அதைவிடப் பெரிய நன்மை, பூசாததைத் துடைக்க வேண்டியதில்லை என்பது. மேல்தோலின் உச்சியில், இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும் கொழுப்பு சாந்தாகவும் அடுக்கிய ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்கூட முகத்தில் அதற்கு இல்லை. நீரில் கரையாத மஸ்காராவையும் மேட் லிப்ஸ்டிக்கையும் அகற்ற இரவு தோறும் பஞ்சால் தேய்ப்பதும், அதன்மேல் சோப்புப் போடுவதும் இந்தச் சாந்தைக் கரைக்கின்றன. தோலின் அமிலத்தன்மை pH அளவில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-ஐ ஒட்டியது. வழக்கமான சோப்புக் கட்டியோ 9-க்கு மேல். துடைத்தபின் வரும் எரிச்சலையும் சிவப்பையும் மறைக்கவே அடுத்த நாள் ஃபவுண்டேஷன் தேவைப்பட்டவர்களை நான் அறிவேன்.

கண்மையை விடாதவர்கள் அதை இமைமயிருக்கு வெளியே தீட்டுவது நல்லது. இமையின் உள்விளிம்பில் வரிசையாக உள்ள நுண்சுரப்பிகள், கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கின்றன. அங்கே மை தீட்டினால் அவற்றின் வாய் அடைபட்டுக் கண் உலர்ந்து உறுத்தும். ஸ்டிக்கர் பொட்டிலும் ஒரு கவனம் வேண்டும். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் நிறமி உயிரணுக்களை அழித்து, ஒட்டும் இடத்தில் வெண்தழும்பை உண்டாக்குவதைத் தோல் மருத்துவர்கள் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கண்டுவருகிறார்கள். நெற்றியில் அரிப்போ வெளிறலோ தெரிந்தால் இடம் மாற்றி ஒட்டிப் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விடும் ஆர்வத்தில் சன்ஸ்கிரீனையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. மங்கு, அதாவது முகத்தில் திட்டுத் திட்டாகப் படியும் கருமை, உள்ளவர்களுக்கு இது கேடு. 2010-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் செய்த ஆய்வில், புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையான தோலில் நீடித்த நிறமேற்றத்தை உண்டாக்கியது. வெளிர் தோலில் அது நிகழவில்லை. நிறமற்ற சன்ஸ்கிரீன் பெரும்பாலும் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது கைவிட்ட ஃபவுண்டேஷனில் இருந்த அதே நிறப்பொடி. ஆகவே மங்கு உள்ளவர்கள் ஃபவுண்டேஷனை விடும்போது, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனுக்கு மாறிக்கொள்வது நல்லது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், வெயிலில் இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.