எள்ளுப் பூ இலையா மாறுதா? டானிக்க கீழ வைங்க, செடியப் பிடுங்குங்க

மாசிப்பட்டத்து எள்ளு பூவெடுத்தாப் போதும், எனக்கு போன் ஆரம்பிச்சிரும். "சார், பூ நல்லாத்தான் வந்துச்சு, இப்ப எல்லாம் பச்சையா சுருண்டு கெடக்குது, காயே புடிக்கல." இந்த வாரம் வாழப்பாடி பக்கத்துல இருந்து வந்த அண்ணன் போரான், டானிக், பூஞ்சாணக்கொல்லி, அது போக கடைக்காரர் குடுத்த ஏதோ ஒரு ஹார்மோன்னு எல்லாத்தையும் ஒரே டேங்க்ல கலக்கி அடிச்சு முடிச்சிட்டு, அப்புறமா செடியத் தூக்கிட்டு வந்து "இதுக்கு எந்தச் சத்து பத்தலைங்க?"ன்னு கேக்கறாரு. எந்தச் சத்தும் கொறையலங்க! தனித்தனியா சொல்லி முடியல, அதான் எழுதிப் போடறேன்.

சத்து பத்தலைன்னா என்ன ஆகும்? பூ கொட்டும், சிறுத்துப் போகும், இலை வெளுக்கும், ஓரம் கருகும், குருத்து காயும். இதழ் இருந்த இடத்துல நரம்போட ஒரு இலை முளைக்காது. பூ பச்சைக் கலர் ஆயிருச்சுன்னு நீங்க சொல்றீங்களே, அங்க கலர் மாறல, அங்க இதழே இல்ல. நகத்தால பிரிச்சுப் பாருங்க. வெளிய இலை, உள்ள இலை, மகரந்தம் இருக்க வேண்டிய எடத்துலயும் பச்சையா ஒண்ணு நிக்கும், நடுவுல பிஞ்சு வர வேண்டிய எடத்துல சில சமயம் ஒரு குட்டிக் கிளையே கெளம்பியிருக்கும். அது மட்டுமில்ல, மண்ணுல சத்து பத்தலைன்னா அந்தப் பக்கமே திட்டுத்திட்டா தெரியும். இது அப்படி வராது, நல்லா காய் புடிச்ச ரெண்டு செடிக்கு நடுவுல ஒண்ணு மட்டும் தொடப்பம் மாதிரி நிக்கும். அதே மண்ணு, அதே தண்ணி, அதே உரம், அப்புறம் எப்படிங்க அது சத்துக் கொறை ஆகும்? பக்கத்துச் செடிக்கு மட்டும் தனியா ரேஷனா போட்டீங்க?

பச்சைப்பூ நோய்னு சொல்றது இதத்தான். காரணம் ஃபைட்டோபிளாஸ்மாங்கற ரொம்பச் சின்ன பாக்டீரியா. 1967ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் இந்த மாதிரி நோயெல்லாம் வைரஸ்னே நெனச்சிட்டிருந்தாங்க. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது இது செடிக்குள்ள போய் சாறு ஓடற குழாயிலயே குடித்தனம் பண்ணுது. பூஞ்சாணம் இல்லாத எடத்துல பூஞ்சாணக்கொல்லி என்னத்தக் கொல்லும்?

சரி, ஒரு பாக்டீரியா எப்படி பூவ இலையாக்குது? இங்கதான் எனக்கே ஆச்சரியம். பூவோட எல்லா உறுப்பும் இலையோட மாறின வடிவம்தான்னு 1790லயே ஜெர்மன் கவிஞர் கதே எழுதிட்டாரு. ஆனா எப்படின்னு தெரிய 200 வருஷம் ஆச்சு. 1991ல கோயென், மேயரோவிட்ஸ்னு ரெண்டு பேரு கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ், அப்புறம் ஸ்நாப்டிராகன்ங்கற தோட்டத்துப் பூச்செடி, இந்த ரெண்டையும் வெச்சு கணக்க சொன்னாங்க. ஏ, பி, சின்னு மூணு வகை ஜீன். ஏ தனியா வேலை செஞ்சா வெளிச்சுத்து புல்லி இதழ், ஏவும் பியும் சேந்தா அதுக்கு உள்ள இருக்கற அல்லி இதழ், பியும் சியும் சேந்தா மகரந்தத்தாள், சி மட்டும்னா காயாகற சூலகம். பி கெட்டுப்போனா அல்லி இதழ் வர வேண்டிய எடத்துல புல்லி வந்துரும். சி கெட்டா மகரந்தத்தாளெல்லாம் இதழாகி அடுக்குப்பூ ஆயிரும். 2000த்துல இன்னொரு கூட்டத்தையும் கண்டுபிடிச்சாங்க, செப்பல்லாட்டா ஜீன்கள். அதுல மூண முடக்கினா பூ முழுக்க புல்லி இதழ், நாலாவதையும் முடக்கினா வெறும் இலை. 2001ல இதையே திருப்பி, இலைய இதழாக்கியும் காட்டிட்டாங்க.

ஃபைட்டோபிளாஸ்மா கை வைக்கறது இந்த எடத்துலதான். எஸ்ஏபி54ன்னு ஒரு புரதத்த அது செடிக்குள்ள விடுது, அது இந்தப் பூ ஜீன்கள் உண்டாக்கற புரதங்கள செடியோட சொந்தக் குப்பைத் தொட்டிக்கே தள்ளி அழிச்சிருது. அராபிடாப்சிஸ்ல நடந்த ஆராய்ச்சி, 2014ல வந்துச்சு. அந்தப் புரதம் இருக்கற செடிய தத்துப்பூச்சிக்கு ரொம்பப் புடிக்குதுன்னும் அதே ஆராய்ச்சில தெரிஞ்சுது. ஜீன் வேலையில வந்த கோளாறுக்கு போரான் என்ன பண்ணும், டானிக் என்ன பண்ணும், சொல்லுங்க?

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம், பச்சையா எதப் பாத்தாலும் நோய்னு பயப்படறவங்க. ஏற்காட்டுல ஒரு அக்கா வீட்டு ஹைட்ரேஞ்சா நீலம் போயி பச்சையாகுதுன்னு வேரோட பிடுங்கிட்டாங்க. அக்கா, ஹைட்ரேஞ்சால நீங்க பூன்னு நெனக்கற நீலமே புல்லி இதழ்தான், வயசானா பச்சை திரும்பறது அதுக்கு சகஜம். புல்லின்னா பச்சை, அல்லின்னா கலர்னு ஸ்கூல்ல படிச்சத அப்படியே புடிச்சுக்காதீங்க. முசாண்டால ஒரே ஒரு புல்லி மட்டும் பெருசாகி கலர் எடுக்கும். காகிதப்பூல கலரா இருக்கறது பூவே இல்ல, பூவடி இலை. செண்பகத்துல எது புல்லி எது அல்லின்னு பிரிக்கவே முடியாது. குளத்து அல்லில இதழ் கொஞ்சம் கொஞ்சமா ஒல்லியாகி மகரந்தத்தாளாவே மாறிரும். இதழ்ங்கறது பரிணாமத்துல ஒரே தடவை வந்த சமாச்சாரம் இல்ல, சில குடும்பத்துல மகரந்தத்தாள்ல இருந்து, சில குடும்பத்துல பக்கத்து இலையில இருந்துன்னு பல தடவை தனித்தனியா வந்திருக்கு. பச்சை ரோஜான்னு ஒரு ரகமே இருக்கு, இதழ் வர எடத்துலயெல்லாம் புல்லி மாதிரி வரும், அது பிறவியிலயே அப்படித்தான், பயப்பட ஒண்ணும் இல்ல.

சந்தேகம்னா ஒண்ணு மட்டும் பாருங்க. நேத்து வரைக்கும் நல்ல பூ விட்ட செடி புதுசா இலைப்பூ விட்டு, கிளையெல்லாம் பொசுபொசுன்னு சின்ன இலையா அடைஞ்சா நோய்தான். நித்தியகல்யாணி, கத்தரி ரெண்டுலயும் இப்படி வரும். (உலகம் பூரா லேப்ல இந்தக் கிருமிய வளர்க்கறதே நித்தியகல்யாணிலதான்.)

இப்ப செய்ய வேண்டியது. பாத்த அன்னிக்கே செடிய வேரோட பிடுங்கி எரிங்க, இல்ல புதைங்க, வரப்புல போடாதீங்க, பூச்சி அங்கயிருந்தும் வரும். "பாவம், பொழைச்சுக்கும்"னு விடாதீங்க, அது பொழைக்காது, ஒரு காய் தராது, பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும். டெட்ராசைக்ளின்ங்கற பாக்டீரியா மருந்த ஊத்தலாமான்னு கேக்கறீங்க. கொஞ்ச நாள் அடங்கும், நிறுத்தினா திரும்ப வரும், சாப்பிடற பயிருக்கு அத ஊத்தவே ஊத்தாதீங்க. களைய சுத்தமா எடுங்க. அடுத்த பட்டத்துல ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை போட்டுப் பாருங்க.

தத்துப்பூச்சிக்கு மருந்து எது, எவ்வளவுன்னு கடையில கேக்காதீங்க, தயவுசெஞ்சு செடியோட ரெண்டு கிளைய பாலிதீன் கவர்ல போட்டு சேலம் மாவட்டம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போய்க் காட்டுங்க. அவங்க சொன்னத மட்டும் அடிங்க, வேற எதையும் கலக்காம. காலையில அடிக்காதீங்க, எள்ளுப் பூவுல தேனீ மொய்க்கற நேரம் அது, சாயங்காலம் வெயில் எறங்கினப்புறம் அடிங்க.