கையில் கட்டிய அதிர்வுப் பட்டை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். பார்க்கின்சன் நோயாளி: கை நடுங்கும், அசைவு மந்தமாகும் மூளை நரம்பு நோய் அது. மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு பட்டை ‘விர்’ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. நடுக்கத்தைக் குறைக்கும் என்று மகன் இணையத்தில் வாங்கி அனுப்பியதாம். “இதைக் கட்டியதும் கை லேசாக இருக்கிறது, தம்பி” என்றார். மடியில் கிடந்த வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தன.

தண்ணீர் டம்ளரை எடுக்கச் சொன்னேன். கை நீண்டதும் நடுக்கம் நின்றது. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் அப்படித்தான்: சும்மா இருக்கும்போது நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடும், வேலையில் இறங்கினால் அடங்கும். டம்ளரைத் தூக்கும்போதுதான் அதிகமாக நடுங்குகிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், வைத்தியமும் வேறு.

அதிர்வு வைத்தியம் புதிதல்ல. நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் உடம்பு இலகுவாக இருப்பதாகப் பார்க்கின்சன் நோயாளிகள் சொன்னதைக் கேட்டு, 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் மருத்துவர் ஷார்கோ அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 2012இல் சிகாகோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் நாற்காலி. இன்னொரு குழுவுக்கு அதே நாற்காலி, அதிர்வில்லாமல், இதமான ஒலி மட்டும். இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்! சாய்ந்து உட்கார்ந்து ஓய்வெடுத்ததும் நம்பிக்கையும் செய்த வேலையாக இருக்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாஸ் குழுவினர் விரல்நுனிகளில் மாறிமாறி அதிரும் கையுறையைச் சோதித்துவருகிறார்கள். மூளையில் ஒரே தாளத்தில் சிக்கிய நரம்பணுக்களைக் கலைத்துவிடுவது அவர்கள் நோக்கம். ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. கடையில் கிடைக்கும் பட்டை அந்தக் கையுறை அல்ல.

பட்டை கட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை என்றே நினைக்கிறேன் (பேஸ்மேக்கரோ மூளையில் மின்முனையோ பொருத்தியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கட்ட வேண்டாம்). எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு செய்தி. பட்டை வந்த நாளிலிருந்து பார்க்கின்சனுக்கு முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையை, மூன்று வேளையிலிருந்து அவராகவே இரண்டு வேளையாக்கியிருந்தார். நடக்கும்போது கால் ஏன் தரையில் ஒட்டிக்கொள்கிறது, சட்டைப் பொத்தான் போட ஏன் கால்மணி நேரமாகிறது என்பதற்குக் காரணம் அங்கே இருந்தது. அன்றே நரம்பியல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

போகுமுன் கையெழுத்துப் போடச் சொன்னேன். நடுக்கம் இல்லை, ஆனால் முதல் எழுத்து மிளகளவு, கடைசி எழுத்து கடுகளவு. எழுத்து இப்படிச் சிறுத்துக்கொண்டே போவதும் இந்த நோயின் அடையாளம்தான். இதற்குப் பட்டை உதவாது. நான்கு கோட்டு நோட்டு ஒன்றைக் கொடுத்து, கோட்டைத் தொட்டு எழுதுங்கள் என்றேன். எழுத்து நிமிர்ந்தது.

“நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் சொன்னதை எனக்கே சொல்கிறாயா?” என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.